எனக்கு வாங்கிய மாலை

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் அனந்தராமன். அன்னம்மா சிஸ்டர். மெடிக்கல் காலேஜில் இருந்து கிராமப் பயிற்சிக்கு வந்திருந்த மாணவர்கள் இருவர், செல்வியும் ஜோசப்பும். அப்புறம் குப்பண்ணன். அப்புறம் நான்.

குப்பண்ணன் ஒரு பொம்மை. தலையும் கழுத்தும் மட்டும்தான். இருந்தாலும் அவனையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அன்றைக்குச் செத்துப்போனது அவன்தான்.

ஜன்னலுக்கு வெளியே இன்னொருவரும் நின்றிருந்தார். எனக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணின் தாய்மாமன், பொன்னுச்சாமி மாமன். அவர் நின்றது உள்ளே இருந்த எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் நான் எழுந்து உட்கார்ந்து, "வாங்க மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அது போதும். என் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

மாரப்பனும் ரப்பர் குழாயும்

கொழிஞ்சாம்பாறையில் இருந்து எங்கள் எருத்தேன்பதிக்கு வரும் வழியில் அந்தத் தரும ஆஸ்பத்திரி இருந்தது. முன்பு கடலைக்காய் குடோனாக இருந்த கட்டடம். எத்தனை லோஷன் ஊற்றிக் கழுவினாலும் மழை பெய்தால் சுவரில் இருந்து புண்ணாக்கு வாசம் கிளம்பும். நான் அங்கே பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். போன வாரம் எழுதினேனே, பால் கேன் காலில் விழுந்து கட்டைவிரல் நசுங்கிய கதை, அதே நாட்கள்தான்.

அதற்கு முந்தின பருத்திப் பட்டத்தில் எங்கள் காட்டில் மருந்தடித்துக்கொண்டிருந்த மாரப்பன் வரப்பிலேயே சுருண்டு விழுந்தான். வாயில் நுரை. உடம்பெல்லாம் வேர்வை. நான்தான் வண்டியில் போட்டு ஓட்டிக்கொண்டு போனேன். மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்தவர் ஒரு சின்ன டாக்டர். சிவப்பு ரப்பர் குழாயைத் தொண்டை வழியாக மூச்சுக்குழலில் இறக்கிக் காற்றுக் கொடுக்க வேண்டும். அவர் இறக்கினார். மாரப்பனின் நெஞ்சு எழும்பவில்லை, வயிறு எழும்பியது. குழாய் இரைக்குழலுக்குள் போய்விட்டது. எடுத்தார், திரும்ப விட்டார், திரும்பவும் வயிறே எழும்பியது.

மாரப்பனின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அவன் கால் என் கையில்தான் சில்லிட்டது.

அந்தச் சின்ன டாக்டர் புத்தகத்தில் படித்ததோடு சரி, ஆள்மேல் ஒரு தடவைகூடச் செய்ததில்லை என்று பிறகு தெரிந்தது. அவரைக் குறை சொல்ல முடியுமா? உயிரோடு இருக்கிறவன் தொண்டையில் யார் பழக விடுவார்கள்?

குப்பண்ணன் வந்தான்

டாக்டர் அனந்தராமன் கல்பாத்திக்காரர். மயக்கம் கொடுக்கும் டாக்டர். மாரப்பன் சமாச்சாரத்தைக் கேள்விப்பட்டு, வாரத்தில் ஒரு நாள் வந்து மாணவர்களைப் பழக்குகிறேன் என்று தானாகவே வந்தவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய சந்தனம், வாயைத் திறந்தால் ஏச்சு.

குப்பண்ணனை அவரே செய்தார். தலை, ஒரு துணிக்கடைப் பொம்மையினுடையது. வாயை அறுத்து, உள்ளே நாக்குக்குச் சைக்கிள் ட்யூப் வைத்து, பல் கட்டும் வைத்தியரிடம் வாங்கின பல் செட்டைப் பொருத்தினார். கழுத்துக்குக் கீழே இரண்டு குழல். ஒன்று இரண்டாகப் பிரிந்து இரண்டு ஃபுட்பால் பிளாடருக்குப் போகும், அது நுரையீரல். இன்னொன்று திருவிழா பலூனுக்குப் போகும், அது வயிறு. குழாய் சரியாக இறங்கினால் பிளாடர்கள் எழும்பும். தப்பினால் பலூன் ஊதும்.

துணிக்கடைப் பொம்மை என்பதால் அவன் எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருப்பான். பலூன் ஊதி வெடித்தாலும் சிரிப்பான்.

"இவனண்ட மட்டும் பழகினா கை முரடாப் போயிடும்" என்றார் டாக்டர். "இவனுக்கு நோகாதாக்கும். பல்லை நெம்பினாலும் இளிச்சுண்டு கெடப்பன். வலிச்சா மூஞ்சியைச் சுளிக்கற ஒரு ஆள் வேணும். குழாய் வேண்டாம். தலையை வைக்கறது, தாடையைத் தூக்கறது, வாயைத் திறக்கறது, இத்தனைக்கு மட்டும்."

அப்போது நான் பால் அளந்துகொண்டிருந்தேன். அறையில் வேறு ஆள் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பயந்தவனைத் தேடிப் பிடித்தார்கள்

என்னைப் பற்றித் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் பயந்தாங்கொள்ளி. ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றதே அதனால்தான். வகுப்பில் உட்கார்ந்தால் கன்றுக்குட்டி கயிற்றில் சிக்கியிருக்குமோ, அடுப்புப் பொறி கூரையில் பட்டிருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். இன்டர்வெல்லுக்கு வீட்டுக்கு ஓடிவந்து பார்த்துவிட்டுப் போவேன். ஒரு நாள் வாத்தியார், "நீ அங்கியே இருந்துக்க கண்ணு, கன்னுக்குட்டியை இங்க அனுப்பு, அது படிக்கும்" என்றார். அடுத்த நாளில் இருந்து போகவில்லை. கன்றுக்குட்டியும் போகவில்லை.

அப்படிப்பட்டவனைப் பலகைக் கட்டிலில் மல்லாத்தி, தலைக்கடியில் மடித்த துணி வைத்து, பூவை மோந்து பார்க்கிறவன் மாதிரி முகத்தைத் தூக்கு என்றார்கள். டாக்டர் உரக்கச் சொல்லுவார்: "இவனுக்கு மூச்சு நின்னாச்சு. சீக்கிரம்!" எனக்கு அந்த வார்த்தையிலேயே பாதி மூச்சு நின்றுவிடும். ஞாபகப் பிசகாக உண்மையாகவே குழாயை விட்டுவிடுவார்களோ என்று ஒவ்வொரு வாரமும் குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொள்வேன்.

அவர் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றை நான் இன்னும் மறக்கவில்லை. "ஆரம்பிக்கறச்சே உன் மூச்சைப் பிடிச்சுக்கோ. உனக்கு முட்டறச்சே அவனுக்கும் முட்டும். அப்போ நிறுத்திட்டுக் காத்தைக் கொடு. வீம்பு பண்ணாதே."

மாணவர்கள் மூச்சைப் பிடிப்பார்கள். கீழே கிடக்கிற நானும் பிடிப்பேன்.

ஜோசப்புக்குக் கை எளிதில் வந்துவிட்டது. செல்விக்கு வரவில்லை. அவள் ஆனைக்கரைப் பக்கத்து ஏலத்தோட்டத்துக் கங்காணியின் மகள். அந்த எஸ்டேட்டில் இருந்து டாக்டருக்குப் படிக்க வந்த முதல் ஆள். விரல் நடுங்கும். "அண்ணே, வலிச்சா சொல்லிருங்கண்ணே" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். வலித்தால் நானும் "ஆ" என்பேன். அதற்குத்தானே படுத்திருக்கிறேன். உடனே கையை எடுத்துவிட்டு, மூச்சை இழுத்து, திரும்ப வைப்பாள். வாரத்துக்கு வாரம் என் "ஆ" குறைந்துகொண்டு வந்தது. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

சரசு

அந்த வருசம்தான் எலப்புள்ளியில் எனக்குப் பெண் பார்த்தார்கள். சரஸ்வதி, வீட்டில் சரசு. நிச்சயத்தன்று பெரியவர்கள் வெற்றிலை மாற்றிக்கொண்டிருந்தபோது, காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாரும் காடு எத்தனை, கெணறு எத்தனைன்னு கேட்டுட்டாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. உங்களுக்குச் சிரிக்க வருமுங்களா?"

என்ன சொல்வது என்று யோசித்தேன். வரும் என்றால் சிரித்துக் காட்டச் சொல்வாளோ. வராது என்றால் என்ன ஆகும். நான் யோசித்து முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போனது. அவளே சிரித்துவிட்டாள். முன்பல்லில் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. பத்து நாள் அந்தப் பல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னலில் மாமன் கண்டது

இப்போது அந்த அறைக்குத் திரும்பி வருகிறேன்.

என் பங்கு முடிந்திருந்தது. விடியும் முன் எழுந்து பால் கறந்த அசதி. ஓரமாகக் கிடந்த கட்டிலில் சாய்ந்தேன். சட்டையெல்லாம் பால் வாசம் என்பதால் ஈ மொய்த்தது. வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன். கால் மட்டும் வெளியே. கட்டைவிரலில் கட்டு.

மேஜைமேல் குப்பண்ணன். செல்வியின் முறை. இறக்கினாள், பலூன் ஊதியது. எடுத்து, திரும்ப இறக்கினாள், திரும்பவும் பலூன். டாக்டருக்கு வந்ததே கோபம்.

"போயிட்டான்! பாத்தியோ, உன் கையாலேயே போயிட்டான்! அழுதா ஆள் திரும்பி வருவனோ?"

செல்வி சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அன்னம்மா சிஸ்டர் அவள் தோளைத் தடவி, "போட்டே மோளே, போட்டே" என்றாள், போகட்டும் விடு மகளே என்று மலையாளத்தில்.

பொன்னுச்சாமி மாமன் வந்து சேர்ந்தது அந்த நேரத்தில். மாப்பிள்ளையை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து என்னமோ செய்கிறார்களாமே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படியே எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். தாலிக்குப் பொன் உருக்க ஆசாரியிடம் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். மஞ்சள் துணியில் முடிந்த பொன் மடியில் இருந்தது.

ஜன்னலில் அவர் கண்டது: மூடிக் கிடக்கும் உடம்பு, முந்தாநாள் அவரே விசாரித்த கட்டைவிரல் கட்டு, அழுகிற பெண், போயிட்டான் என்கிற டாக்டர். குப்பண்ணனை ஜோசப்பின் முதுகு மறைத்திருந்தது.

மடியில் தாலிப் பொன்னோடு சாவு விழுந்த அறைக்குள் எப்படிக் கால் வைப்பது? வேறு சமயமாக இருந்தால் உள்ளே பாய்ந்து என்மேல் விழுந்து அழுதிருப்பார், நானும் விழித்திருப்பேன். பொன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே திரும்பி ஓடியிருக்கிறார், எலப்புள்ளிக்கு.

வாசலில் ஒப்பாரி

பொழுது சாய்கிற நேரம். நான் வீட்டுத் தொட்டியில் பருத்திக்கொட்டையும் தவிடும் கலக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு அம்பாசடர் கார் வந்து நின்றது. தலைவிரி கோலமாகப் பெண்கள் இறங்கி மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள்.

என் அம்மா வெளியே வந்து பார்த்தாள். அப்பா சித்தூருக்குப் போயிருந்தார். அவருக்குத்தான் என்னமோ ஆகிவிட்டது என்று அம்மாவும் அலறினாள். அம்மா அலறியதும் எனக்கும் அப்பா ஞாபகம்தான். தவிட்டுக் கையோடு ஓடிப்போய் பொன்னுச்சாமி மாமனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மாமனும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நல்லாவே அழுதார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் யாரைக் கட்டியிருக்கிறோம் என்று பார்த்தார்.

"அய்யோ சாமி!" என்று என்னைத் தள்ளிவிட்டு மூன்றடி பின்னால் போனார்.

சரசுவின் பெரியம்மா ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தி, "ஏனுங்க, இது மாப்பிள்ளைங்களா, அவிய தம்பிங்களா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தம்பி கெடையாதுங்க" என்றேன்.

மாமன் கையில் இருந்த சம்பங்கி மாலை எப்போது கீழே விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது எங்கள் காராம்பசு அதில் பாதியைத் தின்றிருந்தது. கோடித் துணியை மட்டும் பெரியம்மா முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அப்பா வந்தபிறகு எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. "சாவு சேதி பொய்யாப் போனா ஆயுசு கூடும்பாங்க" என்றார் அப்பா.

சரசுவின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "கூடட்டுமுங்க. மாப்பிள்ளை நூறு வருசம் இருக்கட்டும். ஆனா ஒப்பாரி வெச்ச வாசல்ல எப்படீங்க முகூர்த்தக்கால் நடறது?"

கார் திரும்பிப் போனது.

கேட்டுச் சொல்கிறேன்

நாலைந்து நாள் கழித்துப் பொன்னுச்சாமி மாமன் வந்தார். பாவம், மெலிந்திருந்தார். "புள்ளை உங்களை ஒருக்காப் பாக்கோணுங்குது. என்ற ஊட்டுக்கு வந்திருக்குது. வாங்க மாப்ளை."

போனேன். கிணற்றுமேட்டில் நின்றிருந்தாள். மாமன் எட்டப் போய்ப் பருத்திமாறைக் கட்டுகிற மாதிரி பாவலா செய்துகொண்டிருந்தார். சரசு என்னைக் காலில் இருந்து தலை வரைக்கும் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"எனக்குச் சகுனமெல்லாம் பெருசில்லீங்க. எங்கப்பனை நான் சொல்லிச் சரிபண்ணிக்குவேன். நீங்க ஒண்ணு மட்டும் எனக்குச் சொல்லோணும். அங்க போயிப் படுக்கறதை விட்டுருவீங்களா?"

நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"மாமன் வந்து சொன்னதில இருந்து அந்தக் காரு திரும்பி வார வரைக்கும் நீங்க செத்துப் போயிருந்தீங்க எனக்கு. வளையலைக்கூடக் கழட்டி வெச்சுட்டேனுங்க. மறுக்கா ஒருக்கா அது என்னால ஆகாது."

விட்டுவிடுகிறேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதோடு மாரப்பனின் காலும் வந்தது. நடுங்குகிற செல்வியின் விரலும் வந்தது. சரியாகக் கையாளத் தெரியாமலே அந்தப் பெண் மலையேறிப் போய், அங்கே ஒருத்தன் ஏலத்துக்கு மருந்தடித்து விழுந்தால்? நான் இல்லாவிட்டால் யார் "ஆ" என்பது? என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். முட்டியபோதுதான் வாயைத் திறந்தேன்.

"டாக்டரைக் கேட்டுச் சொல்றேனுங்க."

"சரீங்க. கேளுங்க. அப்படியே என்னைக் கட்டிக்கலாமான்னும் அவரையே கேட்டுருங்க."

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் அந்த வாரம் வரவில்லை. பரீட்சை நடத்த எங்கேயோ போயிருந்தார். நான் அவர் வீட்டைத் தேடிக் கல்பாத்திக்குப் போயிருக்கலாம். பஸ்கூட ஏறினேன். பெரிய மனுசர் வீட்டில் போய் இதைக் கேட்பதா என்று சித்தூரில் இறங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் வந்தவரிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த கருவியை மேஜையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அன்றைக்கு அவர் குரல் உயரவில்லை.

"அட மடையா. இதையா எங்கிட்டக் கேக்கணும்னு வச்சுண்டிருந்தே? விட்டுட்டேன்னு அப்பவே சொல்லியிருக்கப்படாதோ? வேற ஒருத்தனைப் படுக்க வச்சிருப்பேன். ஜோசப் படுப்பன். ஏன், நானே படுப்பேனாக்கும். போ. இப்பவே போய்ச் சொல்லு."

சைக்கிளை மிதித்தேன். மாமன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து வெத்தலை மாத்திட்டாங்க மாப்ளை. ஆனைக்கரையில ஏலக்காய்க் கடை வெச்சிருக்கற பையன்." பிறகு, "இனி உங்களை அப்படிக் கூப்படலாமோ என்னமோ" என்றார்.

செல்வி கொண்டுவந்த சேதி

நான் திரும்பவும் அந்தக் கட்டிலுக்கே போனேன். வேறு எங்கே போவது?

செல்விக்குக் கை வந்துவிட்டது. முதலில் குப்பண்ணனிடம். அப்புறம் ஒரு நாள் உண்மையான ஆளிடமும். மருந்தடித்து விழுந்த ஒரு அம்மாளை யாரோ கொண்டுவந்தார்கள். டாக்டர் பக்கத்தில் நின்றார், கை வைக்கவில்லை. செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாயை இறக்கினாள். நெஞ்சு எழும்பியது. நான் கதவோரம் பால் கேனோடு நின்றிருந்தேன். வெளியே வந்தவள், "உங்க மூஞ்சிதாண்ணே ஞாபகத்துக்கு வந்துச்சு. வலிச்சா ஒரு பக்கமாச் சுளிப்பீங்கள்ல, அது" என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சைக்கிளில் வரும்போது மட்டும் கண் எரிந்தது.

லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்த செல்வி ஒரு தடவை சொன்னாள். ஆனைக்கரைக் கடைவீதியில் ஒரு அக்கா இவள் எங்கே படிக்கிறாள் என்று விசாரித்தாளாம். சொன்னதும், அந்த ஆஸ்பத்திரியில் பால்காரர் ஒருத்தர் படுப்பாரே, இன்னும் படுக்கிறாரா என்று கேட்டாளாம்.

"ஆமான்னேண்ணே. சிரிச்சாங்க. முன்பல்லு ஒண்ணு லேசாத் திரும்பியிருக்கும். யாருண்ணே அவங்க?"

"எலப்புள்ளிக்காரங்க" என்றேன்.

வேறென்ன சொல்ல. விட்டுவிடுகிறேன் என்று அந்தக் கிணற்றுமேட்டிலேயே சொல்லியிருக்கலாம். ஜோசப் படுத்திருப்பான். இந்த ஒரு விசயம் எனக்குத் தோன்றவே இல்லை. நடக்காத காரியத்துக்கெல்லாம் தேங்காய் வேண்டிக்கொண்டவனுக்கு, கைக்கெட்டுகிற ஒரு பதில் தோன்றவில்லை.

பூக்கடை

மாலையை மாமன் கொழிஞ்சாம்பாறைப் பூக்கடையில் எடுத்திருக்கிறார். கையில் இருந்த காசு காருக்குப் போய்விட்டதால் எங்கள் அப்பா பெயரைச் சொல்லிக் கடனுக்கு வாங்கியிருக்கிறார். இழவு வீட்டுக் காரியம் என்று கடைக்காரரும் கொடுத்துவிட்டார். பிறகு நான் அந்த வழியாகச் சைக்கிளில் போகும்போதெல்லாம், "ஏனுங்க தம்பி, உங்க மாலைக் கணக்கு நிக்குதுங்களே" என்பார். கேட்டுவிட்டு அவரே சங்கடமாகச் சிரிப்பார்.

கொடுக்கத்தான் நினைத்தேன். அம்மா விடவில்லை. "காசு குடுத்தா அது உனக்கு வாங்கின மாலைன்னு ஆயிரும்டா அப்புனு. வேண்டாம்." அப்பா கொடுக்கிறேன் என்றதற்கும் அதையே சொன்னாள். மாமனிடம் கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. அம்மா போன பிறகு ஒரு தடவை காசை எடுத்துக்கொண்டு அந்தக் கடை வரைக்கும் போனேன். அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

கடைக்காரர் இப்போது இல்லை. அவர் மகன் அதே இடத்தில் பூ கட்டுகிறார். அவருக்கு இந்தக் கதை தெரியாது. பசு தின்றது போக மிஞ்சிய பாதியையும் அன்றைக்கு அம்மா குப்பையில் போட்டுவிட்டாள். பாக்கி மட்டும் அப்படியே நிற்கிறது. இரண்டே முக்கால் ரூபாய்.